‘டைரக்ட் கொடுத்துடலாம் சார்’

போன சித்திரையில் மதுரையில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. மாமன் மடி என்னுடையதுதான். எல்லாம் முடிந்து, சாயங்காலம் கிளம்பித் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் நானும் மனைவியும், பின்சீட்டில் ஏழு வயது மகள். விராலிமலை பக்கம் வந்ததும் டீ குடிக்கலாம் என்று நாற்கரச் சாலையை விட்டு சர்வீஸ் ரோட்டில் இறங்கினேன். நன்றாக இருட்டிவிட்டது. வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்று கண்ணுக்குத் தெரிவதற்குள் முன்சக்கரங்கள் ஏறி, ‘தடக்’கென்று இறங்கிவிட்டன.

ஐம்பதடி போயிருப்போம். என்ஜின் அணைந்துவிட்டது.

ஹெட்லைட் எரிகிறது. ஹாரன் அடிக்கிறது. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் பலமாகச் சுற்றுகிறது. என்ஜின் மட்டும் பிடிக்கவே இல்லை. வண்டி 2004 மாடல் பெட்ரோல் செடான். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. இருபது வருஷம் உழைத்த ஒரு சின்ன உறுப்பின் முதுமையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். முப்பது வருஷம் வாடகைக் கார் ஓட்டியவராம். வந்ததும் பானட்டைத் திறக்கச் சொல்லவில்லை. “தம்பி, சாவியை ஆன் மட்டும் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க” என்றார். பின்பக்கம் காதை வைத்துக் கேட்டார். “பின்னாடி ‘ங்ஙீ…’ன்னு ரெண்டு செகண்ட் சத்தம் வரணும். வரலை. பம்ப் ஓடலை. கட்டாஃப் தட்டியிருக்கும்.”

அப்படி ஒன்று என் வண்டியில் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். முன்னால் இடப்பக்கம் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில், கதவை ஒட்டிய பக்கவாட்டுப் பலகைக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் தலையில் ஒரு பொத்தான், மேலே எழும்பி நின்றது. நான் உடனே அமுக்கப் போனேன். பெரியவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

“முதல்ல மோந்து பாருங்க. அப்புறம் அமுக்குங்க.”

செல்போன் வெளிச்சத்தில் வண்டிக்கு அடியில் குனிந்து, முன்னாலிருந்து பின்னால் வரை பார்த்தார். எங்கேயும் சொட்டவில்லை, பெட்ரோல் வாடை இல்லை என்று உறுதியான பிறகுதான் பொத்தானை அமுக்க விட்டார். ‘டக்’. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியில் அந்த ‘ங்ஙீ’ சத்தம் வந்தது. மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, “இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க” என்றார். முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. டீக்குக் காசு கொடுக்கக்கூட என்னை விடவில்லை அவர்.

அந்தப் பெட்டிக்கு என்ன வேலை என்று வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அம்பாசடர், பத்மினி காலத்தில் இந்தச் சுவிட்சுக்குத் தேவையே இல்லை. பெட்ரோல் பம்ப் என்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கேம்ஷாஃப்ட் உதைக்க உதைக்க அது இறைக்கும். என்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். என் மாமாவின் அம்பாசடர் கோடை வெயிலில் பெட்ரோல் ஆவியாகி நின்றுபோகும்போது, பானட்டைத் திறந்து அந்தப் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு மரத்தடியில் காத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு கடுமையானதும் கார்பரேட்டர் போய், எம்.பி.எஃப்.ஐ. என்ற இன்ஜெக்டர் முறை வந்தது. பம்ப் டேங்குக்குள் இறங்கியது. மின்சாரத்தில் ஓடுகிறது. கார்பரேட்டருக்குப் பெட்ரோல் மெல்ல வந்து சேர்ந்தால் போதும். இன்ஜெக்டருக்கு அது பீய்ச்சி அடிக்க வேண்டும், அதனால் குழாயில் ஏறக்குறைய 3 பார் அழுத்தம். நாம் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம் இல்லையா? இந்தக் குழாயில் பெட்ரோல் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் நிற்கிறது. பம்ப் தடையில்லாமல் ஓடினால் நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் தள்ளும்.

இப்போது விபத்து ஒன்றை நினைத்துப் பாருங்கள். குழாய் அறுந்துவிட்டது, பம்ப் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் 301 என்ற எண்ணுள்ள பாதுகாப்பு விதி 1968 மாடல் கார்களிலிருந்து அமலில் இருக்கிறது. மோதல் சோதனையில் வண்டி மோதிய கணத்திலிருந்து அசைவற்று நிற்கும் வரை 28 கிராமுக்கு மேல் எரிபொருள் சிந்தக் கூடாது என்கிறது அது. 28 கிராம் பெட்ரோல் டீக்கடைச் சின்ன கிளாஸில் பாதிகூட வராது. அந்த அளவைத் தாண்டவே கூடாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் எங்கே, அரை கிளாஸ் எங்கே!

அந்த இடைவெளியில்தான் இந்தச் சுவிட்ச் நிற்கிறது. உள்ளே கூம்பு வடிவக் குழி. அதன் அடியில் ஓர் இரும்புக் குண்டு, காந்தம் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. சாதாரணக் குலுக்கலுக்குக் குண்டு அசையாது. பலமாக மோதினால் காந்தத்தின் பிடியை விட்டுக் கூம்பின் சுவரில் ஏறி, மேலே இருக்கும் தகட்டை இடிக்கும். தொடர்பு அறுந்துவிடும், பொத்தான் மேலே எழும்பும், பம்புக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். எந்தப் பக்கம் மோதினாலும் குண்டு உருளும், அதற்குத்தான் கூம்பு. கணினி கிடையாது, புரோகிராம் கிடையாது. ஒரு கோலிக்குண்டு அளவுச் சமாசாரம் ஓர் உயிரைக் காப்பாற்றிவிடுகிறது. ஃபோர்டு, ஜாகுவார், லேண்ட் ரோவர், ஃபியட் என்று பல கம்பெனிகள் தங்கள் மாடல்களில் இதை வைத்திருக்கின்றன. புதிய வண்டிகள் பலவற்றில் ஏர்பேக் கணினியே பம்பை நிறுத்தச் சொல்லிவிடுவதால் தனிச் சுவிட்ச் இல்லை.

விராலிமலையில் நடந்ததை ஒரு பிழை என்றே சொல்ல மாட்டேன். பலமான அடி விழுந்தது, குண்டு தன் வேலையைச் செய்தது. பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

ஆனி மாதத்திலிருந்து வண்டி தானாக நிற்க ஆரம்பித்தது. பகல் வெயில், ஏ.சி. ஓடுகிறது, மேம்பாலம் ஏறுகிறேன். இழுவை குறையும், திணறும், நின்றுவிடும். போய்ப் பார்த்தால் பொத்தான் எழும்பியிருக்காது. அரைமணி நேரம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், அங்கே ஒரு தடவைகூட நிற்காது.

எங்கள் மெக்கானிக் அண்ணன் நல்ல வேலைக்காரர். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். பத்து நாள் நன்றாக ஓடியது. ரிலே மாற்றினார். பிறகு பின்சீட்டைத் தூக்கி, டேங்கைத் திறந்து, பம்பையே புதிதாகப் போட்டார். கணிசமான செலவு. மூன்று வாரம் ஓடிவிட்டு, சாஸ்திரி ரோட்டில் நட்டநடுவில் மறுபடி நின்றது. அன்று அவரே வந்தார். இடப்பக்கப் பலகையைக் கழற்றி, சுவிட்சுக்குப் போகும் இரண்டு வயரையும் பிடுங்கி ஒன்றோடொன்று முறுக்கினார். என்ஜின் சிங்கம் மாதிரி உறுமியது.

“சுவிட்சுதான் சார் போயிருக்கு. இந்த மாடலுக்கு உடனே கிடைக்காது. டைரக்ட் கொடுத்துடலாம் சார். நிறைய வண்டியில அப்படித்தான் ஓடுது.”

மூன்று மாச அலைச்சல். கையில் காசும் கரைந்திருந்தது. சரி என்றேன். இன்சுலேஷன் டேப் சுற்றிப் பலகையை மாட்டிவிட்டார். மேம்பாலம், வெயில், ஏ.சி. எதற்கும் வண்டி அசரவில்லை. ஆறு வாரம் அப்படியே ஓட்டினேன். தினமும் மகளைப் பள்ளியில் விட்டேன். ஒருமுறை சமயபுரம் போய்வந்தோம்.

ஒருநாள் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தபோது, “அப்பா, பெட்ரோல் பங்க் மாதிரியே மணக்குது” என்றாள் மகள், பின்சீட்டிலிருந்து. வாசலில் நிறுத்திவிட்டுப் பின்சீட்டைத் தூக்கினேன். அடியில் ஒரு வட்ட மூடி. அதைத் திறந்தால் பம்பின் தலை. புதுப் பம்ப் போட்டபோது ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. டேங்க் நிறைந்திருந்ததால் விளிம்பில் ஈரம் கசிந்து மினுங்கியது. மகள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“இதுல என்னப்பா இருக்கு?”

“பெட்ரோல் டேங்க்மா.”

“நான் இதுமேலயா உட்கார்றேன்?”

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டேங்க் அங்கே இருப்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மெக்கானிக் அண்ணன் பம்ப் மாற்றும்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் டேப் சுற்றிய வயர் முன்னாலும், இந்த டேங்க் பின்னாலும், நடுவில் இவளும் என்று மூன்றையும் சேர்த்து அதுவரை நான் யோசிக்கவே இல்லை. அந்த ஆறு வாரமும் வண்டிக்குக் காவல் இல்லை. காவலை எடுக்கச் சொன்னவன் நான்.

மெக்கானிக் அண்ணனிடம் போய்ப் பேசினேன். அவர் சொன்ன நியாயம் முழுக்கத் தப்பில்லை. “என்ஜின் நின்னா கம்ப்யூட்டரே பம்பை நிறுத்திடும் சார்” என்றார். உண்மைதான். என்ஜின் சுற்றுவதற்கான சிக்னல் வராவிட்டால் கணினி பம்ப் ரிலேயை விட்டுவிடும். அதனால்தான் சாவி போட்டதும் இரண்டு விநாடி மட்டும் அந்தச் சத்தம் வருகிறது. முன்னால் பலமாக மோதி என்ஜின் அடங்கிவிட்டால் அவர் சொல்வது போதும்.

ஆனால் பின்னாலிருந்து ஒரு லாரி வந்து இடித்தால்? டேங்க் இருப்பது பின்னால். குழாய் அறுவதும் அங்கேதான். முன்னால் என்ஜினுக்கு ஒரு கீறல்கூட விழாமல் ஓடிக்கொண்டே இருக்கும். என்ஜின் ஓடுகிறது என்பதால் கணினியும் பம்பை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவர் மயங்கிக் கிடந்தால் சாவியைத் திருப்ப யார் இருக்கிறார்கள்? அந்த நேரத்துக்கென்றே வைத்தது அந்தக் குண்டு. இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “வாஸ்தவம் சார். மாத்திடுவோம். இனி நானும் யாருக்கும் டைரக்ட் கொடுக்க மாட்டேன்” என்றார். அன்றே ரப்பர் வளையத்தையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

பழுது உண்மையில் எங்கே இருந்தது என்பதைக் காட்டியவர், அவர் அழைத்துவந்த ஆட்டோ எலக்ட்ரீசியன். பழைய சுவிட்சை மீண்டும் மாட்டி, முதலில் மீட்டரைப் ‘பீப்’ நிலையில் வைத்தார். ‘பீப்’ அடித்தது. “பார்த்தீங்களா, இதை வெச்சுத்தான் எல்லாரும் சுவிட்ச் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடுவாங்க” என்றார். பிறகு மீட்டரை 20 வோல்ட் டி.சி.க்கு மாற்றி, என்ஜினை ஓடவிட்டு, சுவிட்சின் இந்தப் பக்கம் ஒரு முள், அந்தப் பக்கம் ஒரு முள் வைத்தார். நல்ல சுவிட்சாக இருந்தால் 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 2.3 காட்டியது.

அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினார். பம்ப் இழுப்பது சுமார் 5 ஆம்பியர். 2.3 வோல்ட்டும் சுவிட்சிலேயே கரைந்துபோனால் பம்புக்குப் போய்ச் சேருவது 11 சொச்சம்தான். பம்ப் மெதுவாகச் சுற்றும், அழுத்தம் குறையும், மேடு ஏறும்போது பெட்ரோல் பற்றாது. கரைந்த மின்சாரம் எங்கே போகும்? 2.3-ஐ 5-ஆல் பெருக்கினால் 11.5 வாட், அத்தனையும் சூடு. பைக் இண்டிகேட்டர் பல்பு 10 வாட். அதற்கும் மேலான சூடு, தீப்பெட்டி அளவுப் பிளாஸ்டிக் பெட்டிக்குள். சூடேறினால் தொடர்பு இன்னும் கெடும், வண்டி நிற்கும். ஆறினால் பிடித்துக்கொள்ளும். அரைமணி நேரக் கணக்கு இதுதான். மீட்டரின் ‘பீப்’ மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பிப் பார்க்கிறது. அந்தச் சிறிய மின்சாரத்துக்கு வழி இருக்கும். 5 ஆம்பியருக்கு இருக்காது. பாரம் ஏற்றிப் பார்க்காமல் சுவிட்சை நம்பக் கூடாது.

கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். பித்தளைக் குடத்தில் பிடிக்குமே, அதே பச்சைக் களிம்பு இரண்டு பின்களிலும். ஒரு பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுத்த இலை நிறத்துக்குப் போய் லேசாக இளகியிருந்தது. காலடியில் விரிப்பைத் தூக்கினால் ஈரம். ஏ.சி. தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்து, ஒரு கோடை முழுக்க உள்ளே ஒழுகியிருக்கிறது. சுவிட்சைப் பிடித்திருந்த இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று ஆடியது. அப்படி ஆடினால் சின்னப் பள்ளத்தில் விழுந்தாலும் சுவிட்சுக்குப் பெரிய அடியாகத் தெரியும். மூல காரணம் என்று பார்த்தால், குச்சி விட்டுக் குத்தினால் சரியாகிவிடும் ஓர் அடைப்பு.

புதுச் சுவிட்ச் சென்னையிலிருந்து ஐந்து நாளில் வந்தது. விலை ஆயிரத்துக்குள். புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றியது இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். வேறு எதையும் பழசாக வாங்குவேன், இதை வாங்க மாட்டேன். மோதிய வண்டியிலிருந்து வந்ததா, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்து வந்ததா என்று யாருக்கும் தெரியாது. கனெக்டரையும் வெட்டிப் புதிதாகப் போட்டோம். மீட்டரில் இப்போது 0.08.

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தை.

இன்றைக்கே உங்கள் வண்டியின் கையேட்டை எடுத்து, இந்தச் சுவிட்ச் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சில வண்டியில் முன்னால் காலடியில், சிலவற்றில் டிக்கிக்குள் பக்கவாட்டில். நடுராத்திரி நடுரோட்டில் தேடுவதைவிட ஞாயிற்றுக்கிழமை காலையில் தேடுவது நல்லது. வீட்டில் ஓட்டத் தெரிந்த எல்லோருக்கும் காட்டிவையுங்கள்.

வண்டி நின்றால் முதலில் சாவியை ஆன் மட்டும் செய்து அந்த இரண்டு விநாடிச் சத்தத்தைக் கேளுங்கள். சத்தம் வந்தால் பம்புக்கு மின்சாரம் போகிறது, வேறு காரணத்தைத் தேடலாம். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிறகு இந்தப் பொத்தான். பொத்தான் எழும்பியிருந்தால் சாவியை ஆஃப் செய்துவிட்டு, குனிந்து பார்த்து, மோந்து பார்த்து, பிறகுதான் அமுக்க வேண்டும். கொஞ்சம் வாடை வந்தாலும் அமுக்காதீர்கள். எல்லோரையும் இறக்கி, தள்ளி நிற்கவைத்து, வண்டியைத் தூக்கிப்போக ஆள் கூப்பிடுங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா? பெயின்ட்டையும் டயரையும் பார்ப்பது போல இதையும் பாருங்கள். என்ஜினை ஓடவிட்டுச் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சில விநாடியில் என்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் யாரோ எப்போதோ டைரக்ட் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். வாங்கும் முன் வயரிங் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள்.

ஆளில்லாத இடத்தில், இரவில், குடும்பத்தோடு மாட்டிக்கொண்டு, கசிவு இல்லை என்பதும் உறுதியாகி, வயரை இணைத்தால்தான் ஊர் போய்ச் சேர முடியும் என்ற நிலை யாருக்கும் வரலாம். அப்படி வந்தால் சாவிக்கொத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள். புதுச் சுவிட்ச் போடும் வரை அதை அவிழ்க்காதீர்கள். டேப் சுற்றிப் பலகையை மூடிவிட்டால் அது கண்ணிலிருந்து மறைந்துவிடும். கண்ணிலிருந்து மறைந்தது எனக்கு ஆறு வாரம் ஞாபகத்துக்கே வரவில்லை.

புதுச் சுவிட்சை மாட்டும் முன் எலக்ட்ரீசியன் அதை உள்ளங்கையில் வைத்து இன்னொரு கையால் ஓங்கித் தட்டினார். ‘டக்’கென்று பொத்தான் எழும்பியது. “குண்டு வேலை செய்யுது” என்றார். மாட்டி முடித்ததும் மகளைக் கூப்பிட்டேன். வண்டிக்கு அடியில் எப்படிக் குனிந்து பார்ப்பது, எப்படி மோந்து பார்ப்பது என்று செய்துகாட்டினேன். அவளும் முட்டி போட்டு, மூக்கைச் சுருக்கி, “ஒண்ணும் வாடை இல்லப்பா” என்றாள். அதற்குப் பிறகு அவளையே பொத்தானை அமுக்கச் சொன்னேன். நான் சாவியைத் திருப்பினேன். பின்சீட்டுக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் இரண்டு விநாடி கேட்டது, நின்றது.